எட்டாவது பாடவேளையும் நீச்சல் குளமும்

(கோவையில் ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டையும் வகுப்பறையையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் இத்தனை பேர் முன்வரிசையில் இருக்கும்போது கணக்கு டீச்சருக்கு இங்கே என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. போதாததற்கு எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் நம் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை போட்டிக்குத் தயார் செய்யும் நீச்சல் கிளப்பில் சேர்ந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெரிய தவறும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த மாணவியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. 2022 ஜூனில் ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு விசைத்தறி, அம்மாவுக்கு மில் வேலை. திங்கட்கிழமை காலையில் தலை சொட்டச் சொட்ட வகுப்புக்கு வந்து நின்றாள்.

"என்ன அம்மணி, தல தொவட்டலயா?"

"கெணத்துல நீச்சலுங்க டீச்சர். நேரமாயிருச்சுங்க."

முதலில் திட்டினேன். கிணறு என்றாலே நமக்கெல்லாம் பயம்தானே. பிறகு உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னபோது, "வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். ஒரு சனிக்கிழமை போனோம். அவளுடைய அப்புச்சியின் தோட்டத்துக் கிணறு. முப்பதடி அகலம், கருங்கல் கட்டு. மேட்டிலிருந்து குதித்தாள். முங்கிப் போய் அடியிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். மல்லாக்கப் படுத்துக்கொண்டு எங்களோடு பேசினாள். சுரைப்புருடை கட்டி நீச்சல் பழக்கியது அப்புச்சிதான். அவர் படியில் உட்கார்ந்துகொண்டு, "இவொ அம்மாளும் இந்தக் கெணத்துலதானுங்க பழகுனா" என்றார்.

உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் நகரத்தில் இருந்தார். அப்படித்தான் கிளப்புக்குப் போனோம்.

முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் அந்த முதல் மாதத்திலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள். நாங்கள் நினைத்தது என்ன? இவள் மீன் மாதிரி நீந்துகிறாள், பார்த்ததும் சேர்த்துக்கொள்வார்கள் என்று. பயிற்சியாளர் ஒரு முறை அந்தக் கரைக்குப் போய் வரச் சொன்னார். ஐம்பது மீட்டர் குளம். அவள் கிணறு பத்து மீட்டர் கூட இல்லை. ஐந்தரைக் கிணறுகளை வரிசையாக வைத்தால்தான் அந்த நீளம். பாதியில் மூச்சு வாங்கி ஓரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றில் நீந்துகிறவர்கள் தலையை மேலே தூக்கிக்கொண்டு நீந்துகிறார்கள். தலை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பு சாய்வாகிவிடும், தண்ணீரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். போட்டி நீச்சலில் முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்; மூச்சைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, பக்கவாட்டில் வாயைத் திருப்பி இழுக்க வேண்டும். பயிற்சியாளர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "பயம் சுத்தமா இல்லீங்க, அது பெரிய விஷயம். ஆனா பழகுனத மறக்கோணும், அதுக்கு ஆறு மாசம் ஆகும்."

அந்த ஆறு மாதத்தில் முதல் மூன்று வாரம் கிக்போர்டு மட்டும். பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டு வயது, ஒன்பது வயதுக் குழந்தைகள். இவளுக்குப் பன்னிரண்டு. கிணற்றில் ராணி மாதிரி இருந்தவள் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் உதைத்துக்கொண்டு போனாள். அப்புச்சி பார்வையாளர் படியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தண்ணிக்குள்ளயே மூஞ்சிய வெச்சுக்கிட்டா மூச்சுக்கு என்ன பண்றதுங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

வேறு சில சங்கடங்களும் இருந்தன. நீச்சலுடை என்றதும் அவள் அம்மா முகம் மாறிவிட்டது. முழங்கால் வரை வரும் உடை போட்டிகளிலும் அனுமதிக்கப்படுகிறது என்று தெரிந்த பிறகுதான் சமாதானம் ஆனார். மாதவிலக்கு நாட்களைப் பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு, அங்கே வரும் ஒரு மாணவியின் அம்மாவிடம் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்தோம். ஆண் ஆசிரியர்கள் தயவுசெய்து இதைப் பெண் ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். கட்டணத்தில் பாதியைப் பயிற்சியாளர் விட்டுக்கொடுத்தார், மீதியை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலர் பகிர்ந்துகொண்டோம். பஸ்ஸைப் பொறுத்தவரை அரசின் இலவசப் பயணத்தால் அவளுக்கு டிக்கெட் இல்லை. கூட வரும் அப்புச்சிக்குத்தான் டிக்கெட். அவர் அதை ஒவ்வொரு தடவையும் கண்டக்டரிடம் சொல்லிக்காட்டுவாராம்.

பெரிய சிக்கல் நேரம். கிளப்பில் முக்கியமான பயிற்சி காலை ஐந்தரைக்கு. எங்கள் ஊரிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அப்பாவுக்குத் தறி ஷிப்ட் காலை எட்டு மணிக்குத்தான் முடியும். ஆகவே மாலைப் பயிற்சிதான் வழி. ஐந்து மணிக்குக் குளத்தில் இருக்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி, எட்டாவது பாடவேளைக்கு முன்னால் பள்ளியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். செவ்வாய், வியாழன், வெள்ளி. செவ்வாயும் வியாழனும் எட்டாவது பாடவேளை கணக்கு. என் வகுப்பு.

தலைமையாசிரியர் என்னைக் கேட்டார், நான் சரி என்றேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பத்து மாதம் கழித்து முதல் போட்டி. கிளப்புகளுக்கு இடையிலான வயதுப் பிரிவுப் போட்டி. நானும் போனேன். மார்பு நீச்சலில்தான் அவள்மேல் நம்பிக்கை வைத்திருந்தார்கள். கிணற்றில் பழகிய தவளை உதைப்பு அதற்குக் கைகொடுத்தது. மூன்றாவதாக வந்து சுவரைத் தொட்டாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். நடுவர் கையைத் தூக்கினார். தகுதி நீக்கம். மார்பு நீச்சலில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். இவள் ஒரு கையால் தொட்டிருந்தாள். அப்புச்சி சொன்னார், "கெணத்துப் படியப் புடிக்க ஒரு கை போதுமுங்களே." பஸ்ஸில் வரும்போது மூன்று பேருமே பேசவில்லை.

ஃப்ரீஸ்டைலில் கடைசிக்கு முந்தைய இடம். ஐம்பது மீட்டருக்கு 47.30 விநாடி. மறுநாள் வகுப்பில் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். 47.30 பெரியதா 47.03 பெரியதா என்று கேட்டேன். பதின்மம் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்த போட்டியில் 44.85. "எத்தனை குறைஞ்சிருக்கு?" என்று கேட்டால் வகுப்பே கணக்குப் போட்டது. இடம் என்னவோ அதே கடைசிக்கு முந்தைய இடம்தான். ஆனால் நீச்சலில் பிள்ளை தன் சொந்த நேரத்தோடு போட்டி போட முடியும். இதை உடற்கல்வி ஆசிரியர்கள் எனக்கு முன்பே அறிவீர்கள்.

இதுவரை நன்றாகத்தான் போயிற்று. இனி என் தவறு.

2024-இல் அவள் ஒன்பதாம் வகுப்பு. நான் வகுப்பாசிரியர். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 38 மதிப்பெண். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. தேர்ச்சி விகிதம் பற்றிய கூட்டத்தில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அதை இங்கே விளக்க வேண்டியதில்லை. அக்டோபரில் ஒரு நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வராந்தாவில் நிறுத்தினேன்.

"இப்படியே போனா பத்தாவதுல என்ன பண்ணுவ? நீச்சலா, கணக்கா? ரெண்டுல ஒண்ண நீயே முடிவு பண்ணிக்க" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டாவது பாடவேளையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வியாழனும் இருந்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பொறுப்பு வந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். மற்ற நாட்களில் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரிக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் 41.

பிப்ரவரியில் பயிற்சியாளர் போன் செய்தார். "டீச்சர், அந்தப் பொண்ணு அக்டோபர்ல இருந்து வரலீங்களே. வீட்டுல கல்யாணம் கில்யாணம் ஏதாச்சும் பேசிட்டாங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. பதினான்கு வயதுப் பிள்ளை குளத்துக்கு வரவில்லை என்றதும் அவர் அப்படிப் பயந்திருக்கிறார். நான் தினமும் அவளைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். அப்புச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லை. "டீச்சரே வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்கன்னா அதுல ஒரு காரணம் இருக்குமுங்க" என்றார். அவள் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்: டீச்சர் வேண்டாம் என்றார்கள் என்று. நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லைதான். ஆனால் நான் சொன்னதற்கு அவளிடம் வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? ஒரு டீச்சர் கணக்கா நீச்சலா என்று கேட்டால், நம் பிள்ளைகள் யாராவது நீச்சல் என்று சொல்வார்களா?

திரும்பப் போகலாம், நான் வந்து பேசுகிறேன் என்றேன். "நாலு மாசம் ஆயிருச்சுங்க டீச்சர். இனிப் போனா மறுபடியும் சின்னப் புள்ளைங்க கூடத்தான் உடுவாங்க" என்றாள். இரண்டு முறை கேட்டேன். போகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கில் தேறிவிடுவாள் என்று நினைக்கிறேன். நீச்சலை நிறுத்தாமல் இருந்தாலும் தேறியிருப்பாள் என்றும் நினைக்கிறேன்.

நான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தபோது பேப்பரில் குற்றாலீஸ்வரன் படம் வந்தது. ஈரோட்டுக்காரர். உங்களில் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1994-இல், பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதே ஆண்டு பாக் நீரிணையையும் சேர்த்து மொத்தம் ஆறு கால்வாய், நீரிணைகளைக் கடந்தார். மிகிர் சென் 1966-இல் ஒரே ஆண்டில் ஐந்தைக் கடந்து வைத்திருந்த சாதனை அதனால் முறிந்தது. கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. அர்ஜுனா விருதும் கிடைத்தது. எங்கள் பள்ளியில் அந்தப் படத்தை வெட்டித் தகவல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதால் நான் அதைத் தினமும் நின்று பார்ப்பேன்.

அப்படிப்பட்டவரே சில ஆண்டுகளில் போட்டி நீச்சலை விட்டு விலக வேண்டியிருந்தது. செலவுக்கு ஆதரவு கிடைக்கவில்லை, படிப்பின் பக்கம் போனார், பொறியியல் படித்தார். உலக சாதனை செய்த பையனாலேயே இரண்டையும் சேர்த்து நடத்த முடியவில்லை என்றால், நம் பிள்ளைக்கு நாம் தாங்கிப்பிடிக்காமல் எப்படி நடக்கும்? இதை அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொருவரையும் சொல்கிறேன். சஜன் பிரகாஷ். கேரளத்துக்காக நீந்துபவர், ஆனால் வளர்ந்தது நம் நெய்வேலியில். அம்மா சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. அங்கிருந்த குளத்தில்தான் பையன் நீந்தத் தொடங்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில், அந்தத் தகுதியை நேரடியாக எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பக்கத்தில் குளம் இருந்தது, வீட்டில் விளையாட்டு தெரிந்த அம்மா இருந்தார். எங்கள் பிள்ளைக்கு இரண்டு பஸ்ஸும் ஒரு அப்புச்சியும். அந்த இடைவெளியில் நாம் செய்யக்கூடியதாக மிச்சம் இருப்பது நேரம் ஒன்றுதான். என் கையில் இருந்த நேரம் வாரத்துக்கு இரண்டு பாடவேளை. அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டேன்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு பையன் அதே கிளப்பில் சேர்ந்திருக்கிறான். இந்த முறை முதலிலேயே உட்கார்ந்து பேசினோம். கால அட்டவணை போடும்போதே அவன் கிளம்பும் நாட்களில் எட்டாவது பாடவேளையை உடற்கல்விக்கும் நூலகத்துக்கும் மாற்றினோம். இவ்வளவு எளிதான வேலையை 2022-இல் ஏன் செய்யவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் பதில். விட்டுப்போகும் பாடத்தைக் காலை வழிபாட்டுக்கு முந்தைய இருபது நிமிடத்தில் பார்த்துக்கொள்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை நான் பயிற்சியாளருக்குப் போன் செய்கிறேன். பையன் வந்தானா என்று மட்டும்தான் கேட்கிறேன், ஜெயித்தானா என்று கேட்பதில்லை.

சான்றிதழ் விஷயத்தை உடற்கல்வி ஆசிரியர்கள் முதல் நாளே பாருங்கள். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். கிளப் போட்டிகளிலும் வயதுதான் எல்லாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, எமிஸில் அப்பா பெயரின் முதலெழுத்து இல்லை என்று இருந்தால் போட்டி நடக்கும் காலையில் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை உடை மாற்றிக்கொண்டு நின்று திரும்பி வரும். பிறகு சாப்பாடு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்கு மேல் உள்ள பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, மதியம் சத்துணவு முட்டையோடு சாப்பிட்டுவிட்டு, மாலை ஒன்றரை மணி நேரம் நீந்தி, எட்டேகாலுக்கு வீடு போகும். பஸ் ஏறும் முன் கையில் இரண்டு வாழைப்பழமோ கடலை உருண்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர் அக்கா இதைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

கிளப்பில் சேரும் ஒரு பிள்ளைக்காக இவ்வளவா என்று கேட்கலாம். எங்கள் தலைமையாசிரியரும் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் குட்டைகளைப் பற்றியது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விட ஏற்பாடு ஆகியிருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் பெற்ற தண்ணீர், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கிணறு வற்றி, ஆயிரம் அடிக்கு போர் போட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். அப்பனுக்குத் தெரிந்த நீச்சல் மகனுக்குத் தெரியாது. இப்போது ஊர் ஓரத்தில் திடீரென்று தண்ணீர் நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் இறப்புக் காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. பவானியிலும் வாய்க்கால்களிலும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நடப்பதை நாம் செய்தியில் படிக்கத்தான் செய்கிறோம்.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் கிளப்பில் கற்றதை வகுப்பில் சொல்கிறான். மூச்சைத் தண்ணீருக்குள் விடுவது எப்படி, மல்லாந்து மிதப்பது எப்படி என்று. கேட்ட பிள்ளைகளில் நான்கு பேர் வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக ஆரம்பித்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது தத்தளித்தால் நீ குதிக்காதே, கயிறோ துண்டோ குச்சியோ நீட்டு, காலிக் கேனைத் தூக்கிப் போடு, கத்திப் பெரியவர்களைக் கூப்பிடு. நீச்சல் தெரிந்த பிள்ளைதான் முதலில் குதிக்கும், அதனால் அவனிடம்தான் இதை அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த அப்புச்சியின் கிணற்றுப் பக்கம் போனேன். அவள் கிணற்றில் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்கள் இரண்டு பேர், முதுகில் சுரைப்புருடை. "தலயத் தூக்காத, மூஞ்சிய உள்ள வெய்யி" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அப்புச்சி மேலே நின்றுகொண்டு, "இவொ சொல்றது எனக்கே புரிய மாட்டேங்குதுங்க" என்றார். என்னைப் பார்த்ததும் அவள் படிக்கு நீந்தி வந்தாள். இரண்டு கையாலும் ஒன்றாகத் தொட்டாள்.

திங்கட்கிழமை திருப்புதல் தேர்வு இருக்கிறது, நேரத்தில் கரையேறு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.